எஸ்.என்.எல். புது சீசனின் முதல் எபிசோடு: முதன்முறையாக முழுசாகப் பார்ப்பவர்களுக்கு

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் சனிக்கிழமை இரவு வரும் ‘சாட்டர்டே நைட் லைவ்’ (எஸ்.என்.எல்.) நகைச்சுவை நிகழ்ச்சியை நம்மில் பெரும்பாலோர் யூடியூப் துண்டுகளாகத்தான் பார்த்திருப்போம். நாலு நிமிடம், ஒரு அதிபர் வேஷம், கொஞ்சம் சிரிப்பு, அதோடு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவோம். அப்படிப் பார்த்தால் இந்த நிகழ்ச்சியின் பாதிதான் கைக்கு வரும். நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பிளாசா 30-ஆம் எண் கட்டடத்தில், 8எச் என்ற ஸ்டுடியோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் நேரலையாகப் போவது இது. வெட்டி ஒட்ட வழி கிடையாது. தடுமாறினால் தடுமாறியதுதான், சிரித்துவிட்டால் சிரித்ததுதான். அந்தப் பதற்றம் வரிசையாகப் பார்க்கும்போது மட்டும்தான் புரியும். அதற்கு ஏற்ற நாள் சீசனின் முதல் எபிசோடு. புதியவர்கள் அறிமுகமாவதும், நாலு மாத இடைவெளியில் சேர்ந்துபோன செய்திகளையெல்லாம் ஒரே இரவில் பிடித்துப் பேசுவதும் அன்றைக்குத்தான்.

தேதியும் நேரமும்

சீசன் வழக்கமாக செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமையோ அக்டோபர் முதல் சனிக்கிழமையோ தொடங்கி, மே மாதம் முடியும். 50-ஆவது சீசன் 2024 செப்டம்பர் 28-லும், 51-ஆவது சீசன் 2025 அக்டோபர் 4-லும் தொடங்கின. 2023-இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் அக்டோபர் 14 வரை தள்ளிப்போனது. முதல் சில வாரங்களுக்கு ஹோஸ்ட் (அந்த வாரம் நிகழ்ச்சியை நடத்த வரும் பிரபலம்) யார், பாடப்போவது யார் என்பதைத் தொடக்கத்துக்குச் சில வாரங்கள் முன்பே அறிவித்துவிடுவார்கள். நிகழ்ச்சியின் அதிகாரபூர்வப் பக்கங்களைப் பின்தொடர்ந்தால் போதும்.

நேரம் கணக்கிடுவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நிகழ்ச்சி கிழக்கு அமெரிக்க நேரப்படி சனி இரவு 11:30-க்குத் தொடங்கி ஞாயிறு அதிகாலை 1 மணிக்கு முடியும். டொரொண்டோவிலும் அதே நேரம். கலிஃபோர்னியாவில் 2017-லிருந்து நேரலையாகவே வருவதால் அங்கே சனி இரவு 8:30. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அது ஞாயிறு காலை 9 மணி. சிங்கப்பூர், கோலாலம்பூரில் ஞாயிறு பகல் 11:30. லண்டனில் ஞாயிறு விடிகாலை 4:30.

இந்தக் கணக்கு நவம்பர் முதல் ஞாயிறு வரைக்கும்தான் செல்லும். அன்று அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும், அடுத்த வாரத்திலிருந்து சென்னை நேரம் காலை 10 மணியாகிவிடும். பிரிட்டன் அதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுவதால் பிரிட்டன் மாற்றும் வார இறுதியிலும் அமெரிக்கா மாற்றும் வார இறுதியிலும் வரும் இரண்டு சனிக்கிழமை இரவுகளுக்கு மட்டும் லண்டன் நேரம் 3:30. சிட்னி, மெல்பர்ன்காரர்களுக்கு இன்னும் சிக்கல். அங்கே கடிகாரம் முன்னோக்கி நகர்வது அக்டோபர் முதல் ஞாயிறு. 2025-இல் முதல் எபிசோடு அங்கே விழுந்ததே அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான். முந்தின வாரக் கணக்கை நம்பி 1:30-க்கு உட்காரப் பார்த்தவர்களுக்கு அன்று 2:30 ஆகியிருக்கும். ஃபோன் காலண்டரில் நேரத்தை நியூயார்க் நேரமாகவே போட்டு, மாற்றுவதை ஃபோனிடம் விட்டுவிடுவது உத்தமம்.

எதில் பார்ப்பது

அமெரிக்காவில் இருப்பவர்களுக்குச் செலவில்லாத வழி ஆன்டெனா. என்.பி.சி. காற்றில் இலவசமாக வரும் சானல். நியூயார்க் வட்டாரத்தில் 4-ஆம் எண். சன்னலோரம் வைக்கும் சாதாரண டிஜிட்டல் ஆன்டெனாவே நகரத்துக்குள் போதும். மாலையிலேயே ஒருமுறை சானல் ஸ்கேன் போட்டுப் படம் தெளிவாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள், 11:29-க்கு ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்ட்ரீமிங் வேண்டுமென்றால் பீகாக். சந்தா எடுத்தவர்களுக்கு அங்கே நேரலையாகவும், பிறகு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். ஸ்ட்ரீமிங் ஒளிபரப்புக்குச் சற்றுப் பின்தங்கியே ஓடும். அதனால் வாட்ஸ்அப் குழுவில் ஆன்டெனாக்காரர் சிரிப்புப் பொம்மை போடும்போது உங்கள் திரையில் அந்த வசனமே வந்திருக்காது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குக் குழுவை மியூட்டில் போட்டுவிடலாம்.

கனடாவில் குளோபல் சானல் நேரலையாகத் தருகிறது. பீகாக் அமெரிக்காவுக்கு வெளியே திறக்காது. இந்தியா, இலங்கையில் இருப்பவர்களுக்கு நம்பகமான வழி நிகழ்ச்சியின் அதிகாரபூர்வ யூடியூப் சானல்தான். ஞாயிறு காலையிலிருந்தே ஸ்கெட்ச்சுகள் (குட்டி நகைச்சுவை நாடகங்கள்) ஒவ்வொன்றாக ஏறும். அப்படிப் பார்க்கிறவர்கள் யூடியூப் காட்டுகிற வரிசையில் பார்க்காமல், எபிசோடில் எந்த வரிசையில் வந்தது என்று தேடிப் பிடித்து, ஒரு பிளேலிஸ்ட் போட்டுப் பார்த்தால் முழு எபிசோடின் ருசி ஓரளவு கிடைக்கும். அந்த வரிசை ஏன் முக்கியம் என்பது கீழே வருகிறது.

டிவிஆரில் (டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்துவைக்கும் கருவி) பதிவு செய்பவர்கள் மூன்று இடத்தில் ஏமாறுகிறார்கள். ஒன்று, சனிக்கிழமை இரவு 10 மணிக்கு என்.பி.சி. பழைய எபிசோடு ஒன்றைச் சுருக்கிப் போடுவது உண்டு. நிகழ்ச்சிப் பட்டியலில் அதே பெயர் இருப்பதால் அதைப் பதிவு செய்துவிட்டுக் காலையில் பார்த்தால் எப்போதோ வந்த எபிசோடு இருக்கும். ‘புதியது’ என்ற அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று கல்லூரி அணிகளின் அமெரிக்கக் கால்பந்து. செப்டம்பர், அக்டோபர் சனிக்கிழமைகளில் என்.பி.சி. மாலை ஆட்டத்தை ஒளிபரப்புகிறது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் உள்ளூர்ச் செய்தி தள்ளும், அதன் பின்னால் இதுவும் தள்ளும். டிவிஆர் மட்டும் 1 மணிக்குக் கறாராக நின்றுவிடும், கடைசி ஸ்கெட்ச்சும் விடைபெறும் காட்சியும் போய்விடும். முடியும் நேரத்தை ஒரு மணி நேரம் நீட்டி வையுங்கள். மூன்றாவது மேற்குக் கரைக்கு மட்டும் உரியது. அங்கே 8:30-க்கு நேரலை, 11:30-க்கு அதே எபிசோடின் மறு ஒளிபரப்பு. 8:30-ஐத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு விஷயம், நிகழ்ச்சிக்கு டிவி-14 தரம், அதாவது 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கை. பாலியல் நகைச்சுவை தாராளமாக வரும், முன்னறிவிப்பு இருக்காது. சென்னையில் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கூடத்தில் குழந்தைகள் இட்லி தின்றுகொண்டிருக்கும்போது போட்டுவிட்டுப் பிறகு ரிமோட்டைத் தேடாதீர்கள்.

முந்தின நாள் அரை மணி நேரம்

முன்தயாரிப்பு இல்லாமல் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடமும் வீண்தான். காரணம், அங்கே எழுத்து நடக்கும் விதம். திங்கட்கிழமை ஹோஸ்டை வைத்துக்கொண்டு யோசனைகள் சொல்வார்கள். செவ்வாய் இரவு விடிய விடிய எழுதுவார்கள். புதன்கிழமை ஏறக்குறைய நாற்பது ஸ்கெட்ச்சுகளை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசித்து, பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுப்பார்கள். வியாழனும் வெள்ளியும் செட், கேமரா, திருத்தம். சனி இரவு 8 மணிக்கு வேறொரு பார்வையாளர் கூட்டத்தின் முன்னால் முழு ஒத்திகை. அது நிகழ்ச்சியை விட நீளமாகவே இருக்கும். எடுபடாததை வெட்டி, வரிசையை மாற்றி, 11:30-க்குக் காற்றில் ஏறிவிடுவார்கள். அதாவது அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை நடந்தது சனிக்கிழமை மேடையில் இருக்கும்.

51-ஆவது சீசனின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை, அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைவர் பீட் ஹெக்சத் ராணுவத் தளபதிகளையெல்லாம் வர்ஜீனியாவில் குவான்டிகோ தளத்துக்கு வரவழைத்து உரையாற்றினார். உடல் தகுதி, தாடி என்று பேச்சு போனது. சனிக்கிழமை முதல் காட்சியில் நிகழ்ச்சிக் குழுவைச் சேர்ந்த காலின் ஜோஸ்ட் அதே ஹெக்சத்தாக வந்து அதே தளபதிகளிடம் கத்தினார். டிரம்ப்பாக ஜேம்ஸ் ஆஸ்டின் ஜான்சன் குறுக்கே நுழைந்தார். செய்தி தெரிந்தவருக்கு முதல் வரியிலேயே சிரிப்பு வந்திருக்கும், தெரியாதவர் யாரோ ஒருவர் யாரையோ திட்டுகிறார் என்று நினைத்திருப்பார்.

ஆகவே வெள்ளிக்கிழமை இரவு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த வாரத்தின் பெரிய அமெரிக்கச் செய்திகள் நாலைந்தைத் தலைப்போடு நிறுத்தாமல் ஒரு பத்தியாவது படியுங்கள். அந்தச் செய்தியில் பேசியவரின் வீடியோவை ஒரு நிமிடம் பாருங்கள், குரலும் கையசைப்பும் காதிலும் கண்ணிலும் இருந்தால்தான் நகலெடுப்பவரின் திறமை தெரியும். ஹோஸ்ட் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அதே எபிசோடின் ஹோஸ்ட் போர்ட்டோ ரிக்கோ பாடகர் பேட் பன்னி. அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் இடைவேளையில் பாடப்போவது அவர்தான் என்ற அறிவிப்பு ஒரு வாரம் முன்பு வந்து, ஸ்பானிஷில் பாடுகிறவரையா கூப்பிடுவது என்று சிலர் கொதித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் அவர் கொஞ்ச நேரம் ஸ்பானிஷிலேயே பேசிவிட்டு, புரியாதவர்களுக்குக் கற்றுக்கொள்ள நாலு மாதம் இருக்கிறது என்றார். சண்டை தெரிந்தால்தான் அந்த ஒரு வரி எங்கே போய்க் குத்துகிறது என்பது தெரியும்.

கடைசியாக, யார் போனார்கள், யார் வந்தார்கள். கோடையில்தான் குழு மாறும். 2025-இல் ஹைடி கார்ட்னர், ஈகோ நுவோடிம் உட்பட ஐந்து பேர் விலகினார்கள், ஐந்து பேர் சேர்ந்தார்கள். தொடக்க வரிசையில் முதலில் மூத்த உறுப்பினர்களின் பெயர்களும், பிறகு தனியாகப் புதியவர்களின் பெயர்களும் வரும். முதன்முறை பார்க்கிறவர் எல்லா முகத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், மூவர் போதும். 2003-லிருந்து இருக்கும் கெனன் தாம்சன். அவரைவிட நீண்ட காலம் இந்தக் குழுவில் யாரும் இருந்ததில்லை. அப்புறம் செய்தி வாசிக்கும் காலின் ஜோஸ்ட், மைக்கேல் சே.

அந்த ஒன்றரை மணி நேரம்

11:30-க்கு எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒரு காட்சி தொடங்கும். இதற்குப் பெயர் கோல்டு ஓப்பன். பெரும்பாலும் அரசியல். ஐந்திலிருந்து பத்து நிமிடம் போய், யாராவது ஒருவர் கேமராவைப் பார்த்து ‘லைவ் ஃப்ரம் நியூயார்க், இட்ஸ் சாட்டர்டே நைட்!’ என்று கத்தினால் முடிந்தது. முதல் எபிசோடில் இது வழக்கத்தைவிடக் கனமாக இருக்கும். யாருக்கு எந்த வேஷம் என்பதும் அங்கேதான் வெளியாகும். 50-ஆவது சீசனின் தொடக்கத்தில் தேர்தலுக்கு ஐந்து வாரமே இருந்தது. கமலா ஹாரிஸாக மாயா ருடால்ஃப், பைடனாக டேனா கார்வி, துணை அதிபர் வேட்பாளர் டிம் வால்ஸாக ஜிம் கேஃபிகன் என்று பழையவர்களையும் வெளியாட்களையும் வரிசையாக இறக்கினார்கள். ஒவ்வொருவர் உள்ளே நுழையும்போதும் அரங்கில் எழுந்த கைதட்டல் வேஷப் பொருத்தத்துக்கானது. நம்ம ஊர் மேடை நாடகத்தில் ராஜபார்ட் நுழைந்தால் விசில் பறக்குமே, அது மாதிரி.

பிறகு பெயர்கள் ஓடும் தொடக்கப் படம். இந்த நேரத்தில் காபி போட எழுந்துவிடாதீர்கள். புது முகங்களின் பெயர் முதன்முதலாக வருவது இங்கேதான். சில சீசன்களில் படமாக்கிய விதமே மாறியிருக்கும். அடுத்து ஹோஸ்டின் தனிப்பேச்சு, மோனோலாக். ஹோஸ்ட் நகைச்சுவையாளராக இருந்தால் நீளும், நடிகரோ விளையாட்டு வீரரோ என்றால் குழுவினர் யாராவது நடுவில் வந்து தாங்கிப் பிடிப்பார்கள். அஸிஸ் அன்சாரி 2017 ஜனவரி 21-ஆம் தேதி, டிரம்ப் முதன்முறை பதவியேற்ற மறுநாள், ஹோஸ்டாக வந்தார். பெற்றோர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். நல்ல மோனோலாக் எப்படி இருக்கும் என்று பழகிப் பார்க்க அதை முன்கூட்டியே ஒருமுறை பார்க்கலாம்.

மோனோலாக் முடிந்ததும் வரும் ஸ்கெட்ச்தான் அந்த வாரத்தில் அவர்கள் அதிகம் நம்புகிற சரக்கு. எட்டு மணி ஒத்திகையில் பலமாகச் சிரிப்பு வாங்கியது முன்னால் வரும், துணிச்சலானதும் கிறுக்குத்தனமானதும் பின்னால் போகும். வரிசை முக்கியம் என்று மேலே சொன்னது இதனால்தான். ஒன்று எந்த இடத்தில் வந்தது என்பதைப் பார்த்தே, அதை எழுதியவர்களும் தயாரிப்பாளர் லார்ன் மைக்கேல்ஸும் அதை எப்படி எடைபோட்டார்கள் என்று ஊகிக்கலாம்.

ஸ்கெட்ச்சைப் பின்தொடர ஒரு வழி இருக்கிறது. முதல் முப்பது நாற்பது விநாடிக்குள் எல்லாம் இயல்பாக இருக்கும் இடத்தில் ஒன்றே ஒன்று மட்டும் கோணலாகும். அந்தக் கோணலைப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதியெல்லாம் அதை ஏற்றிக்கொண்டே போவதுதான். பயிற்சிக்கு 2016 அக்டோபர் 22 அன்று டாம் ஹாங்க்ஸ் நடித்த ‘பிளாக் ஜெப்பர்டி’யைப் பாருங்கள். கறுப்பினத்தவரின் அன்றாட அனுபவத்தை மையமாக வைத்த வினாடி வினா. கெனன் தாம்சன் நடத்துகிறார். போட்டியாளர்களில் ஒருவர் டிரம்ப்பின் சிவப்புத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர், டக். ஒரு பதிலும் தேறாது என்று எல்லோரும் எதிர்பார்க்க, அரசாங்கத்தை நம்பாதது முதல் லாட்டரிச் சீட்டு வரை டக்கும் மற்ற இருவரும் ஒரே பதிலில் வந்து நிற்கிறார்கள். கெனன் கை குலுக்க நெருங்கும்போது டக் ஒரு அடி பின்வாங்குகிறார், அப்புறம் கை கொடுக்கிறார். ஒற்றுமை ஏறிக்கொண்டே போய்க் கடைசித் தலைப்பில் ஒரே நொடியில் உடைகிறது. ஒரு கோணல், அதன் ஏற்றம், அதன் முறிவு மூன்றும் ஆறேழு நிமிடத்துக்குள் சுத்தமாகத் தெரியும் இடம் அது.

நடிகர்கள் ஏன் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் தோளுக்கு மேலே எங்கேயோ பார்க்கிறார்கள் என்று புதியவர்கள் கேட்பார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் கையால் எழுதிய பெரிய அட்டைகளை ஆட்கள் தூக்கிப் பிடித்திருப்பார்கள், அதைத்தான் வாசிக்கிறார்கள். வசனம் காற்றில் ஏறும் கடைசி நிமிடம் வரை மாறுவதால் மனப்பாடம் செய்வது ஆபத்து. பழைய வரி வாயில் வந்துவிடும். முதல் எபிசோடில் புதியவர்களின் கண் அட்டையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். டிசம்பரில் அதே ஆளைப் பாருங்கள், கண் எதிராளியிடம் போய்விட்டு அட்டைக்குத் திரும்பப் பழகியிருக்கும். யாராவது அடக்க முடியாமல் சிரித்துவிட்டால் அதையும் ரசியுங்கள். தவறுதான், ஆனால் நேரலை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இடையிடையே முன்கூட்டியே படமாக்கிய குறும்படங்களும் போலி விளம்பரங்களும் வரும். அவை ஓடும் நேரத்தில்தான் மேடையில் அடுத்த செட் நகர்கிறது, ஹோஸ்ட் விக் மாற்றுகிறார். நள்ளிரவையொட்டி முதல் பாட்டு. அதன் பிறகு வீக்கெண்ட் அப்டேட், ஏறக்குறைய 12:10-க்கு. ஜோஸ்ட்டும் சேயும் மேஜைக்குப் பின்னாலிருந்து செய்தி வாசிப்பதுபோல நகைச்சுவைகளை அடுக்குவார்கள். தொடக்கக்காரர் தடுமாறும் பகுதி இதுதான். ஒவ்வொரு செய்தியும் பதினைந்து விநாடிதான். நேரலையின் எழுத்து வசனங்களும் சில விநாடி பின்தங்கி வரும், பெயர்களைத் தப்பாகவும் காட்டும். விட்டுப்போனதை விரட்டிப் பிடிக்க வேண்டாம், அடுத்த நாள் யூடியூபில் இதை மட்டும் சப்டைட்டிலோடு மறுபடி பார்த்தால் தீர்ந்தது. இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்ததை வாசிக்கவைக்கும் புகழ்பெற்ற விளையாட்டு கிறிஸ்துமஸ், சீசன் இறுதி எபிசோடுகளுக்கு உரியது, முதல் எபிசோடில் காத்திருக்காதீர்கள்.

அப்டேட்டுக்குப் பிறகு நிறையப் பேர் படுக்கப் போய்விடுகிறார்கள். பெரிய நஷ்டம் அது. 12:50 வாக்கில், ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வருவதற்கு ‘டென் டு ஒன்’ ஸ்கெட்ச் என்றே பெயர். எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்ற கவலை இல்லாமல் எழுதியது அங்கே வரும். சில நேரம் அரங்கில் மௌனம்தான் இருக்கும், சில நேரம் பல வருஷம் பேசப்படுவது அதுவாக இருக்கும்.

கடைசி இரண்டு நிமிடம் விடைபெறல். எல்லோரும் மேடையில் நின்று கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். ஒலி தெளிவாக இருக்காது, கண்ணால் பார்க்க வேண்டிய இடம். 2025 மார்ச் 1 அன்று எலான் மஸ்க் வேஷம் போட்ட மைக் மையர்ஸ், நம் மக்கள் நிறைய வாழும் டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் வளர்ந்தவர், இந்த விடைபெறலில்தான் மேலாடையைத் திறந்து ‘கனடா விற்பனைக்கு அல்ல’ என்ற டி-ஷர்ட்டைக் காட்டினார். வாயசைவில் ‘எல்போஸ் அப்’ என்றார். ஹாக்கியில் முழங்கையைத் தூக்கித் தற்காத்துக்கொள்ளும் பழக்கத்திலிருந்து வந்த சொல். சில நாளில் கனடா முழுக்க அது கோஷமாகிவிட்டது. டிவிஆர் ஒரு மணிக்கு முன்பே நின்றுபோனவர்களுக்கு அது கிடைத்திருக்காது.

ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து பார்க்க

டிக்கெட் இலவசம், ஆனால் குலுக்கல். ஆகஸ்ட் மாதம் மட்டும் மின்னஞ்சலில் விண்ணப்பம் வாங்குவார்கள். ஒரு ஆளுக்கு ஒரு மின்னஞ்சல்தான், வயது 16 ஆகியிருக்க வேண்டும். தேதியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, ஆகவே முதல் எபிசோடுதான் வேண்டும் என்று இதை நம்பியிருக்காதீர்கள். அதற்கு ஸ்டாண்ட்பை வரிசை இருக்கிறது. எட்டு மணி ஒத்திகையா, நேரலையா என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வரிசைக்கான அட்டை கையில் இருந்தாலும் இடம் மிஞ்சினால்தான் உள்ளே விடுவார்கள். முன்பதிவு விதிமுறை மாறிக்கொண்டே இருப்பதால் அந்த வாரத்துத் திங்கட்கிழமையே அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பார்ப்பதுதான் முக்கியம் என்றால் ஒத்திகையைக் கேளுங்கள். ஆள் போட்டி குறைவு, காற்றில் ஏறாத ஸ்கெட்ச்சுகளும் கிடைக்கும்.

மறுநாள்

அப்படி வெட்டுப்பட்டதில் சிலவற்றை ‘கட் ஃபார் டைம்’ என்ற பெயரில் யூடியூபில் போடுவார்கள். தவறவிடக் கூடாத பகுதி, குறிப்பாகப் புதியவர்களின் முதல் முயற்சிகள் அதில் அகப்படும். பிற்பாடு மறு ஒளிபரப்பில் பார்க்கும்போது ஒரு காட்சி நீங்கள் சனிக்கிழமை பார்த்ததுபோல இல்லையே என்று தோன்றினால் உங்கள் ஞாபகத்தில் பிழை இல்லை. நேரலையில் சொதப்பிய காட்சிக்குப் பதிலாக ஒத்திகையில் பதிவானதை மாற்றி வைப்பது உண்டு.

முதல் எபிசோடில் புதியவர்களுக்கு இரண்டொரு வரிக்கு மேல் கிடைக்காமல் போகலாம், அதை வைத்து அவர்களை எடைபோட்டுவிடாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தையும் சேர்த்தே காலண்டரில் குறித்துவிடுங்கள். விளம்பர இடைவேளைக்குப் போகும்போது அடுத்த வார ஹோஸ்டும் பாடகரும் யார் என்று ஒரு அட்டை காட்டுவார்கள், ரிமோட்டை எடுப்பதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.